மலை ஏறும்போது

எங்கள் கிளினிக் மாடியில் இருந்தது. மூச்சு வாங்குகிறவர்களுக்கான கிளினிக்கை மாடியில் கொண்டுபோய் வைத்த புண்ணியவான் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்து. கீழே புடவைக்கடை, அதன் பக்கவாட்டில் பதினேழு படி, மேலே நாங்கள். ஒரு தொண்டு அமைப்பு எடுத்து நடத்திய இடம். மாதத்தில் இரண்டு செவ்வாய்க்கிழமை நோயாளிகள் வருவார்கள். மடுல்சீமை, பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருவார்கள், வெலிமடையிலிருந்து மரக்கறித் தோட்டக்காரர்கள் வருவார்கள், மொனராகலை பஸ்ஸைப் பிடித்துச் சில பேர் வருவார்கள். படிக்கு அடியில் நின்று மேலே அண்ணாந்து பார்ப்பார்கள். அந்தப் பார்வையிலேயே யாருக்கு எவ்வளவு நோய் என்று எனக்குத் தெரிந்துவிடும். ஆனால் பார்வையை எழுதுவதற்குப் படிவத்தில் இடம் கிடையாது.

படிவம்தான் என் வேலை. நோயாளிக்கு எதிரே உட்கார்ந்து கேள்விகளை வாசிப்பேன், ஆம் அல்லது இல்லை என்று சரி போடுவேன், கடைசியில் மார்க் கூட்டுவேன். விரலில் மாட்டுகிற சின்னக் கருவி ஒன்றும் இருந்தது. உட்கார்ந்திருக்கும்போது அது பலபேருக்கு ஓரளவு நல்ல எண்ணைத்தான் காட்டும். ஆளை நடக்கவிட்டுப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். வருகிற அத்தனை பேரையும் நடக்கவிட்டுப் பார்க்க எங்களிடம் ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அதனால்தான் கேள்விகள். இருபத்தைந்து மார்க்குக்கு மேல் வந்தவர்களை மட்டும் டொக்டர் நடக்கவிட்டுப் பார்ப்பார். அதிலும் மோசமானவர்களின் பெயர் ஒக்சிஜன் மிஷின் லிஸ்டுக்குப் போகும். வீட்டில் வைத்துக் கரண்டில் ஓட்டுகிற மிஷின். ஐந்து வரப்போகிறது என்று சொல்லியிருந்தார்கள்.

ஆங்கிலத்தில் வந்த அந்தப் படிவத்தைத் தமிழாக்கியவள் நானே. ஒரு பின்னேரம் உட்கார்ந்து எழுதி முடித்தேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை என்று எனக்குப் பெரிய பெருமை. மூன்று பகுதி. முதல் பகுதி மூச்சைப் பற்றியது, எட்டுக் கேள்வி, மார்க்கில் பாதிக்கு மேல் அதற்குத்தான். முதல் கேள்வி இது: "மலை ஏறும்போது உங்களுக்கு மூச்சு வாங்குகிறதா?" அதற்குக் கீழே ஓர் அம்புக்குறி, சின்ன எழுத்தில் ஒரு வரி: "இல்லை என்றால் இரண்டாம் பகுதிக்குச் செல்லவும்." நியாயந்தானே. மலை ஏறுகிறபோதே மூச்சு வாங்காதவருக்கு மட்டமான இடத்தில் நடக்கிறபோதா வாங்கப்போகிறது? மற்ற ஏழு கேள்வியையும் கேட்டு அவரை ஏன் வதைக்க வேண்டும்?

டொக்டர் அம்மா ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். சிங்கள அம்மா, நல்ல மனுஷி, தமிழ் கொஞ்சம் விளங்கும். எழுதியிருப்பதை எழுதியிருப்பதுபோல வாசிக்க வேண்டும். இரண்டாம் தரம் வாசிக்கலாம், விளக்கம் சொல்லக்கூடாது. நோயாளியின் வாயில் நம்முடைய பதிலைத் திணித்துவிடக்கூடாது. தெரிந்தவர், சொந்தக்காரர் என்றால் இன்னும் கவனம். நான் அந்தக் கட்டுப்பாட்டை வேதம் மாதிரிப் பிடித்துக்கொண்டேன். எனக்கு வாய் நீளம் என்பது ஊருக்கே தெரியும். அந்த மேசைக்கு முன்னால் மட்டும் வாயை அடக்கியவள் என்று பெயர் எடுக்க ஆசைப்பட்டேன்.

என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்காவுக்கும் எனக்கும் பதினான்கு வயது வித்தியாசம். எனக்கு நாலு வயதாகும்போது அம்மா போய்விட்டாள். அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்தவள் அக்கா. மடுல்சீமையில் மேல்லயத்து வரிசை வீடுகளில் ஒற்றை அறைதான் எங்கள் காம்பரா. புகை போகக் கூரையில் ஒரு ஓட்டையும், கதவும்தான். மழைக்காலத்தில் இரண்டையும் அடைத்துவிடுவோம். விறகுக்குக் கவ்வாத்து வெட்டிய தேயிலை மாறு ஈரமாகத்தான் கிடைக்கும். அக்கா குழலை வைத்து ஊதிக்கொண்டே இருப்பாள். கண் இரண்டும் சிவந்து வழியும். விடியுமுன் ஊதுவாள், மலையிலிருந்து இறங்கி வந்து மறுபடியும் ஊதுவாள். புகை என் பக்கம் வந்தால் கொப்பிகளைத் தூக்கிக்கொண்டு வாசல் இஸ்தோப்புக்கு ஓடிவிடுவேன். அவள் ஓட முடியாது, அடுப்பு அணைந்துவிடும். நான் உயர்தரம் படித்து, டவுனுக்கு வந்து, பஜாரில் கடை வைத்திருக்கும் குடும்பத்தில் கலியாணம் கட்டிப் போனேன். அவள் அந்தப் புகையில் இருந்தாள். சிகரெட், சுருட்டு எதையும் அவள் தொட்டதில்லை. வெற்றிலைகூடக் கிடையாது. அவளுடைய நெஞ்சு எப்படிக் கெட்டது என்று எனக்கு எந்த டொக்டரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மூச்சு முட்டுகிறது என்று அவள் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. நின்றுவிடுவாள், அவ்வளவுதான். நிற்பதற்கு ஏதாவது ஒரு சாக்கு வைத்திருப்பாள். பாதையில் போகும்போது, "அந்தப் பூவப் பாரேன்" என்பாள். செருப்பில் கல் என்பாள். யாரோ முன்பின் தெரியாதவரை நிறுத்தி, "நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்பாள். அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் இவளுக்கு மூச்சு திரும்பிவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவளைக் கிளினிக்குக்கு வரவழைத்தேன். மாடிப்படியில் மூன்று தடவை நின்றாள். முதலில் புடவைக்கடைப் பொம்மையைப் பார்த்தாள். அடுத்து தலைத்துண்டைச் சரிசெய்தாள். கடைசியில் எனக்கு உடம்பு மெலிந்துவிட்டது என்று என்னையே பிடித்துக்கொண்டு நின்றாள். நான் மேல்படியில் நின்று இந்த மூன்றையும் எண்ணினேன். எண்ணியவள் நானே, அதை மறந்துவிடக்கூடாது.

வரிசைப்படி என் மேசைக்குத்தான் வந்தாள். டொக்டர் அம்மா பக்கத்து மேசையில் இருந்தார். இது என் அக்கா என்று அவருக்குச் சொல்லிவைத்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, எழுதியிருக்கிறபடியே கேள் என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"மலை ஏறும்போது உங்களுக்கு மூச்சு வாங்குகிறதா?"

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

"என்னாடி பாப்பா, ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி பேசுற? உங்களுக்குன்னா யாரு, நானா?"

"நீதான். ஆமாவா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

"மலை ஏறவா?"

படிவத்தைப் பார்த்து மறுபடியும் ஒரு தரம், ஒரு எழுத்து மாறாமல் வாசித்தேன்.

"இல்ல" என்றாள். "அதெல்லாம் இல்ல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதினேழு படிக்கு மூன்று தடவை நின்றவள், தங்கைக்கு முன்னால் வீம்பு பிடிக்கிறாள் என்று நினைத்தேன். காலில் லேசாகத் தட்டி ஜாடை காட்டியிருக்கலாம். "அக்கா, பொய் சொல்லாதே" என்று சொல்லியிருக்கலாம். அடுத்த மேசையில் டொக்டர் அம்மா. நான் நேர்மையான ஆள். "இல்லை" என்ற கட்டத்தில் சரி போட்டேன். அம்புக்குறி காட்டிய இடத்துக்குப் போனேன். சளி எந்த நிறம், இருமல் எத்தனை நாள், நித்திரை வருகிறதா. எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னாள். கூட்டிப் பார்த்தால் பதினொரு மார்க். கீழே "கேட்டவர்" என்ற இடத்தில் நான் கையெழுத்து வைத்தேன். "பதில் அளித்தவர்" என்ற இடத்தில் அவள் எழுத்துக்கூட்டித் தன் பெயரை எழுதினாள். எழுதிவிட்டு, சரியா என்று என்னைப் பார்த்தாள். சரி என்றேன்.

பதினொரு மார்க் என்றால் இலேசான நோய். பம்பு ஒன்றைக் கொடுத்து, எப்படி இழுப்பது என்று காட்டி, மூன்று மாதம் கழித்து வரச் சொல்லி அனுப்பினோம்.

மிஷின்கள் வந்தன. ஐந்தும் போயின. மூன்று வெலிமடைப் பக்கம், ஒன்று டவுனுக்குள், ஒன்று மொனராகலைக்கு. வாங்கியவர்கள் எல்லாருக்கும் தேவைதான், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மிஷினை வேனில் ஏற்றும்போது நான்தான் பெயர் வாசித்தேன். ஐந்தில் ஒன்றுகூடத் தோட்டத்து லயத்துக்குப் போகவில்லையே என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. என் அக்காளின் பெயர் அதில் இல்லை என்பது மட்டும் தோன்றியது. சொந்தம் என்று பார்க்காமல் நடந்துகொண்டேன் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அந்தத் தேறுதலை நினைத்தால் இப்போது என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம்போல இருக்கிறது.

இரண்டு கிழமை கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மடுல்சீமைக்குப் போனேன். பஸ் மேல்லயம்வரை போகாது. ரோடு உடைந்த இடத்தில் இறங்கி நடக்க வேண்டும். அக்கா இஸ்தோப்பில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதட்டில் நிறம் இல்லை. இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சை இழுத்தாள். என்னைக் கண்டதும் கையை எடுத்துவிட்டுச் சாதாரணமாக உட்கார்ந்திருப்பவள்போல இருக்கப் பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. வந்த வாக்கில், நின்ற நிலையில் சத்தம் போட்டேன்.

"அன்னிக்கு உண்மையச் சொல்லியிருந்தா இன்னிக்கு மிஷின் ஒன் பக்கத்துல இருந்திருக்கும். எதுக்குக்கா பொய் சொன்ன? எங்கிட்ட என்ன வீம்பு ஒனக்கு?"

"நா என்ன பொய் சொன்னேன்?"

"மூச்சு வாங்கலன்னு சொன்னியே."

"நா எப்ப அப்புடிச் சொன்னேன்?"

"மலை ஏறும்போது மூச்சு வாங்குதான்னு ரெண்டு தரம் கேட்டேன். ரெண்டு தரமும் இல்லன்ன."

அக்கா என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"நாந்தான் மலைய விட்டுட்டேனே பாப்பா. பேரு வெட்டி ரெண்டு வருசமாச்சு. போகாத மலையில எப்புடி மூச்சு வாங்கும்?"

தோட்டத்தில் மலை என்றால் வேலை. கொழுந்து எடுக்கிற இடம் மலை. "மலைக்குப் போறேன்" என்றால் வேலைக்குப் போகிறேன். "மலை இல்ல" என்றால் இன்றைக்கு வேலை இல்லை. வேலைக்குப் பெயர் பதிந்தவள் விடியற்காலை மலைக்கு ஏறுவாள், பொழுது சாயும்போது மலையிலிருந்து இறங்குவாள். பெயர் வெட்டிய பிறகு அவளுக்கு மலை கிடையாது. வீட்டு வாசலிலிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் மலைதான் தெரியும், அதை யாரும் மலை என்று சொல்வதில்லை. ஏறுவதற்குக் கஷ்டமான பாதை என்றால் அதற்கு வேறு சொல் இருக்கிறது.

"அப்ப ஏத்தத்துல?" என்று கேட்டேன்.

"ஏத்தமா? அதக் கேக்கவே வேணாம். பீலிக்குப் போயி ஒரு கொடம் தண்ணி கொண்டாறதுக்கு நாலு எடத்துல நிக்கணும். நீ ஏத்தத்தயா கேட்ட? மலையத்தானே கேட்ட?"

சொல்லிவிட்டு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கேள்வியத் தப்பாக் கேட்டுட்டு எம்மேல பாயிற." சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், அக்காவின் மருமகள் உள்ளேயிருந்து ஓடி வந்து முதுகைத் தடவினாள். நான் தடவவில்லை.

மலை என்ற அந்தச் சொல் எனக்குத் தெரியாததல்ல. நான் முதலில் கற்றுக்கொண்ட சொற்களில் அதுவும் ஒன்றாகத்தான் இருக்கும். அம்மா எங்கே என்று யாராவது கேட்டால், "மலைக்கு" என்று சொன்ன பிள்ளை நான். அது என் வாயிலிருந்து எப்போது போனது என்பதும் தெரியும். கலியாணமாகிப் பஜாருக்கு வந்த புதிதில், மாமியார் ஒருநாள் அக்காவை விசாரித்தார். "மலைக்குப் போயிருப்பாங்க மாமி" என்றேன். பக்கத்தில் இருந்த நாத்தனார், "மாலை போட்டிருக்காங்களா? ஐயப்பன் மலையா?" என்றாள். வீடே சிரித்தது. அவர்களுக்கு மலைக்குப் போவதென்றால் கறுப்பு வேட்டி கட்டிச் சாமி கும்பிடப் போவது. நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றிலிருந்து "வேலைக்குப் போயிருக்காங்க" என்று சொல்லப் பழகினேன். பிறகு லயம் லைன் வீடாயிற்று, பெரட்டு பெயர் கூப்பிடும் இடமாயிற்று. ஒவ்வொன்றாகத் துடைத்துத் துடைத்து வாயைச் சுத்தமாக்கினேன். அவ்வளவு சுத்தமான வாயால் என் அக்காளிடம் கேள்வி கேட்டேன்.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக அலுமாரியைத் திறந்து பழைய படிவங்களை எடுத்துத் தரையில் பரப்பினேன். தோட்டத்து ஆட்களுடையதை மட்டும் பிரித்தேன். வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் முதல் கேள்விக்கு "ஆம்" என்றிருந்தார்கள். வேலையை விட்டவர்கள் எல்லாரும் "இல்லை". மூச்சு முட்டிப் பெயர் வெட்டியவர்கள் அவர்கள். ஏற முடியாமல்தான் மலையை விட்டார்கள். அத்தனை பேரையும் இலேசான நோய் என்று எழுதி, என் கையெழுத்தைப் போட்டு, அம்புக்குறி வழியாகத் தள்ளிவிட்டிருந்தேன். இன்னும் தெம்போடு மலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்களுக்குத்தான் மார்க் அதிகம். அவர்களை நடக்கவிட்டுப் பார்த்ததும் பரவாயில்லை என்று தெரிந்து லிஸ்டிலிருந்து கழன்றுபோனார்கள். அதனால்தான் ஐந்தில் ஒன்றுகூட லயத்துக்குப் போகவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். அந்தப் பூசாரி நான்.

டொக்டர் அம்மா வந்ததும் சொன்னேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். திட்டவில்லை. "நீ தோட்டத்துப் பிள்ளை என்றுதானே மொழிபெயர்க்க உன்னிடம் கொடுத்தோம்?" என்று மட்டும் சிங்களத்தில் கேட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கேள்வியை மாற்றினோம். மலையை வெட்டிவிட்டு ஏற்றம் என்று போட்டோம். கீழே இருந்த அம்புக்குறியை எடுத்துவிட்டோம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். கொடுத்த மிஷினைத் திருப்பி வாங்க முடியுமா? மூக்கில் குழாய் மாட்டியிருப்பவரிடம் போய், மன்னிக்க வேண்டும், எங்கள் தமிழில் ஒரு பிழை என்று சொல்லவா முடியும்? இன்னும் மிஷின் வேண்டுமென்று மேலிடத்துக்குக் கடிதம் போனது. பார்க்கிறோம் என்று பதில் வந்தது.

புதுப் படிவத்தோடு அடுத்த ஞாயிறே மடுல்சீமைக்குப் போனேன். அக்காவால் இனி பதுளைக்கு வர முடியாது என்று ஆகிவிட்டிருந்தது. பஸ்ஸுக்கு நடந்து வருகிற தூரத்தை அவளால் தாண்ட முடியாது. ஞாயிறானாலும் அன்றைக்கு வேலை இருந்தது, மருமகள் மலைக்குப் போயிருந்தாள். காம்பராவில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். கட்டுப்பாட்டையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு எங்கள் தமிழிலேயே கேட்டேன்.

"ஏத்தம் ஏறுறப்ப மூச்சு வாங்குதாக்கா?"

"இப்ப ஏத்தம் எங்க ஏறுறேன்? பீலிக்கு மருமகதான் போறா."

"மட்டமான எடத்துல, ஒன் வயசு ஆளுங்களோட நடக்குறப்ப?"

"மட்டமான எடம் இங்க எங்கடி இருக்கு? தொர பங்களாவுக்கு முன்னால புல்லு வளத்திருக்காங்களே, அதுதான் மட்டம். அங்க போயி நா யாரோட நடக்க?"

"வீட்டு வேல செய்யிறப்ப?"

"என்ன வேல? ஒக்காந்திருக்குறதுதான் வேல."

எல்லாவற்றுக்கும் இதே பதில். நோய் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்திருக்கிறது. முதலில் மலை, பிறகு கோயில், பிறகு பீலி, பிறகு அடுப்பு. எதை எடுத்ததோ அதை அவள் மறுபேச்சில்லாமல் விட்டுக்கொடுத்திருக்கிறாள். விட்டுக்கொடுத்த இடத்தில் மூச்சு வாங்குவதில்லை. என் படிவம் செய்கிற வேலையில் கஷ்டமா என்று கேட்கிறது, செய்யாமல் விட்டது என்ன என்று அதற்குக் கேட்கத் தெரியவில்லை. மலையை ஏற்றம் என்று மாற்றியது பெரிய காரியம் என்று எண்ணிக்கொண்டு நான் பஸ் ஏறி வந்திருந்தேன்.

"தல சீவுறப்ப, துணி மாத்துறப்ப?" என்று கடைசிக் கேள்வியைக் கேட்டேன்.

அக்கா தலைத்துண்டை அவிழ்த்தாள்.

தோட்டத்திலேயே நீளமான முடி அவளுடையது. அவிழ்த்துவிட்டால் இடுப்புக்குக் கீழே போகும். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவேன். அது காதுக்கு மேலேயே முடிந்திருந்தது. கத்தரிக்கோல் போன வழி கோணல் கோணலாகத் தெரிந்தது.

"கையத் தூக்கிச் சீவ ஏலல பாப்பா. பொங்கலுக்கு முந்தியே வெட்டச் சொல்லிட்டேன். இப்ப சீவுறதுக்குக் கஷ்டமே இல்ல."

பொங்கலுக்கு முந்தி. அப்படியானால் கிளினிக்குக்கு வந்த அன்றும் அந்தத் துண்டுக்குக் கீழே இதே தலைதான். ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்து பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். படியில் அவள் துண்டைச் சரிசெய்ததைக்கூடப் பார்த்தேன். சாக்கு என்று எண்ணிக்கொண்டேன்.

அழுதேன். அவள் முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். மிஷின், மார்க், நான் செய்த பிழை எல்லாவற்றையும் சொன்னேன். மன்னித்துவிடு என்று கேட்கவும் வாய் வரவில்லை. அவள் என் கையிலிருந்த படிவத்தை வாங்கி, தூரத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஒன் கையெழுத்து நல்லாருக்குடி" என்றாள். பிறகு மூச்சு எடுத்துக்கொண்டு, "தலைக்கு மேல போனா சாண் என்ன, மொழம் என்ன? விடு. தேத்தண்ணி ஊத்திக் குடி. என்னால எந்திரிக்க ஏலல" என்றாள்.

அன்று எட்டுக் கேள்விக்கும் முழு மார்க் போட்டேன். அவள் சொன்னதை எழுதவில்லை, பார்த்ததை எழுதினேன். லிஸ்டில் முதல் பெயர் அவளுடையதாயிற்று. லிஸ்ட் இருந்தது, மிஷின் இல்லை. ஒவ்வொரு கிளினிக் செவ்வாயும் டொக்டர் அம்மாவின் முகத்தைப் பார்ப்பேன். அவர் உதட்டைப் பிதுக்குவார். பஜாரில், கடைக்காரர்களிடம், தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் கேட்டுப் பார்த்தேன். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள்.

ஐப்பசி மழையில், ஒரு காலை பத்து மணிபோல மருமகளின் போன் வந்தது. "தேத்தண்ணி வேணும்னாங்க சின்னத்த. ஊத்திட்டுத் திரும்புறேன்..."

எங்கள் தோட்டத்தில் சுடுகாடு மேலே இருக்கிறது, பழைய தேயிலைக்கு நடுவில். பெண்கள் அங்கே போவதில்லை. லயத்துக் கடைசியோடு எங்களை நிறுத்திவிட்டார்கள். மழை விட்டிருந்தது. தப்புச் சத்தம் முன்னால் போக, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் தேயிலைக்கு இடையில் ஏறினார்கள். செங்குத்தான பாதை, சேறு. நாலு இடத்தில் நின்றார்கள். தோள் மாற்றினார்கள், குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினார்கள். என் பக்கத்தில் நின்ற ஒரு வயசாளி, "ரெண்டு வருசத்துக்குப் பெறகு இன்னிக்குத்தான் மலைக்குப் போறா" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காரியம் முடிந்து கிளினிக்குக்குத் திரும்பியபோது டொக்டர் அம்மா அக்காவின் ஃபைலை என் மேசையில் வைத்திருந்தார். இறந்தவர்களின் படிவத்தை முடித்து வைக்க வேண்டும். முதல் படிவம்தான் கணக்கில் எடுக்கப்படும், பிந்தியது சேராது. அதில் தவறு இருந்தால் வெட்டித் திருத்தி, பக்கத்தில் ஒரு கையெழுத்து வைக்கலாம், நீயே செய்துவிடு என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

பேனாவை எடுத்துக்கொண்டு முதல் கேள்வியை வாசித்தேன். மலை ஏறும்போது உங்களுக்கு மூச்சு வாங்குகிறதா? "இல்லை" என்ற கட்டத்தில் என் சரி அப்படியே இருந்தது. மலைக்கு அவளைத் தூக்கிப்போனவர்களுக்குத்தான் மூச்சு வாங்கியது. அதில் வெட்டித் திருத்த இப்போது ஒன்றும் இல்லை.